மக்காத்தி மேயர் நாற்காலி: மூன்று முறை வரம்பும் ஒரு குடும்பமும்

1986-லிருந்து இன்று வரை பிலிப்பைன்ஸின் மக்காத்தி நகர மேயர் பதவியில் பினாய் என்ற ஒரே வீட்டைச் சேர்ந்த ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா, அம்மா, மகன், மகள், இப்போது மூத்த மகள். அதே நாட்டின் அரசியல் சட்டமோ, ஒருவர் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தச் சட்டத்தை மக்காத்தியில் யாரும் மீறவில்லை. ஒவ்வொரு முறையும் வரம்பு முடிந்ததும் ஒழுங்காக இறங்கினார்கள். அப்படியிருந்தும் நாற்காலி ஏன் வீட்டை விட்டுப் போகவில்லை என்பதுதான் இங்கே விஷயம். உள்ளூராட்சியில் பதவி வரம்பு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற எவரும் இந்த ஒரு ஊரின் கதையைப் பொறுமையாகப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த நாற்காலிக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணமே அந்த ஊர்தான். மணிலா பெருநகரத்தின் ஒரு பகுதியான மக்காத்தி ஒரு காலத்தில் பாசிக் ஆற்றங்கரையில் கிடந்த ஒரு பண்ணை. 1851-ல் ரோஹாஸ் குடும்பம் வாங்கிய அந்த நிலம், திருமண உறவு வழியாக அயாலா குடும்பத்தோடு சேர்ந்தது. 1937-ல் அங்கே நீல்சன் விமான நிலையம் வந்தது. போருக்குப் பிறகு விமானங்கள் வேறு இடத்துக்குப் போய்விட, வெறுமனே கிடந்த ஓடுபாதைகளின் மேலேயே சாலை போட்டார்கள். இன்று அயாலா அவென்யூ, பாசியோ தே ரோஹாஸ் என்று வங்கிகளும் பன்னாட்டு நிறுவனங்களும் வரிசையாக நிற்கிற இரண்டு பெரிய சாலைகளும் அந்தப் பழைய ஓடுபாதைகள்தான். அப்போதைய கட்டுப்பாட்டுக் கோபுரம் இன்னும் அங்கேயே நிற்கிறது.

ஆக நாட்டின் நிதித் தலைநகரம் ஒரு சின்ன நகராட்சிக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. தொழில் வரியும் சொத்து வரியும் அந்த நகராட்சிக்கு. 1991-ல் வந்த உள்ளூராட்சிச் சட்டம் மேயர் கையை இன்னும் பலப்படுத்தியது. வரவு செலவைத் தயாரிப்பது, ஆட்களை நியமிப்பது, தொழில் உரிமம் கொடுப்பது, ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போடுவது எல்லாம் மேயர். மற்ற ஊர் மேயர்கள் மத்திய அரசு தரும் பங்கை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க, மக்காத்தி மேயர் தன் ஊர் வருமானத்திலேயே கொடுத்துப் பேர் வாங்க முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கதை எளிதாகப் புரியும்.

அப்பா வந்த விதம்

நாட்டைச் சர்வாதிகாரியாக ஆண்ட ஜனாதிபதி மார்க்கோஸின் காலத்தில் மக்காத்தியை ஆண்டவர் நெமேசியோ யாபுட். 1972-லிருந்து மேயர், மார்க்கோஸின் ஆள். 1986 பிப்ரவரியில் எட்சா சாலையில் மக்கள் திரண்டு மார்க்கோஸ் நாட்டை விட்டு ஓடிய அந்த 25-ஆம் தேதிதான் யாபுட்டும் இறந்தார். இரண்டே நாளில், 27-ஆம் தேதி, புதிய ஜனாதிபதி கொரசோன் அகினோ அந்த இடத்துக்கு ஜெஜோமார் பினாயைப் பொறுப்பு அதிகாரியாக நியமித்தார்.

பினாய் அப்போது மனித உரிமை வழக்கறிஞர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, உறவினர் வீட்டில் வளர்ந்து, சட்டம் படித்தவர். இராணுவச் சட்டக் காலத்தில் கைதானவர்களுக்காக இலவசமாக வாதாடிய மாபினி என்ற வழக்கறிஞர் குழுவை உருவாக்கியவர்களில் ஒருவர். பின்னால் வந்த குற்றச்சாட்டுகளைப் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறார்கள், அது நியாயமில்லை. அகினோ அரசுக்கு எதிராக அடுத்தடுத்து இராணுவக் கலகங்கள் வந்தபோது துப்பாக்கியோடு களத்தில் நின்ற மேயர் இவர். "ராம்போடீடோ", அதாவது குட்டி ராம்போ என்று பத்திரிகைகள் பேர் வைத்ததும் அதனால்தான். மக்காத்தி மக்கள் அவரை நேசித்தது வெறும் பணத்துக்காக மட்டுமில்லை.

பழைய மேயர்களை எல்லாம் கலைத்துவிட்டு நாடு முழுக்க இப்படிப் பொறுப்பு அதிகாரிகளைப் போட்ட வேலையை முன்னின்று செய்தவர் அப்போதைய உள்ளூராட்சி அமைச்சர் அகிலினோ பிமென்டல். மார்க்கோஸ் ஆட்களின் பிடியை உடைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அப்படி மேலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் பலர், அதே நாற்காலியின் பலத்தோடு 1988 ஜனவரி தேர்தலைச் சந்தித்தார்கள். புதிய அரசியல் குடும்பங்கள் முளைத்த நாற்றங்கால் அதுதான்.

விதி எழுதிய அறையில்

1986-ல் புதிய அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்த ஆணையத்தில் இந்தப் பதவி வரம்பு பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. எட்மண்டோ கார்சியா என்ற உறுப்பினர், மூன்று முறை இருந்தவர் திரும்ப அந்தப் பதவிக்கே வரக் கூடாது என்ற நிரந்தரத் தடையைக் கேட்டார். கிறிஸ்டியன் மொன்சோட் அதை எதிர்த்தார். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது மக்களின் உரிமை, அதில் நாம் முன்கூட்டியே வடிகட்டி வைக்கக் கூடாது என்பது அவர் வாதம். கடைசியில் மொன்சோட் பக்கம்தான் வென்றது. தொடர்ந்து மூன்று முறை, ஒவ்வொன்றும் மூன்று ஆண்டு, அப்புறம் ஒரு இடைவெளி, பிறகு திரும்ப வரலாம்.

இன்னொரு பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. அரசியல் வம்சங்களை அரசு தடை செய்யும், "சட்டம் வரையறுக்கிறபடி" என்று. அந்தச் சட்டத்தை எழுத வேண்டியது காங்கிரஸ், அதாவது அந்த நாட்டின் நாடாளுமன்றம். காங்கிரஸில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட குடும்பங்கள். எனவே வரையறை வரவே இல்லை. 2016 ஜனவரியில் இளைஞர் மன்றங்களுக்கு மட்டும், பதவியில் இருப்பவர்களின் நெருங்கிய உறவினர் போட்டியிடக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பதினெட்டு வயதுப் பையனுக்குத் தடை உண்டு, மேயர் மனைவிக்குக் கிடையாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

ஆக, தனி மனிதனுக்கு வரம்பு, குடும்பத்துக்கு வரம்பில்லை. இந்த இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் இருந்த இடைவெளிக்குள்தான் மக்காத்தியின் அடுத்த முப்பது ஆண்டும் நடந்தது.

மூன்று ஆண்டு இடைவெளியை நிரப்புவது

ஜெஜோமார் பினாய் 1988, 1992, 1995 என்று மூன்று முறை ஜெயித்தார். 1998-ல் நிற்க முடியாது. மனைவி எலெனிட்டா நின்றார். அவர் மருத்துவர். ஜெயித்து மூன்று ஆண்டு மேயராக இருந்தார். அந்த மூன்று ஆண்டும் ஜெஜோமார் சும்மா இல்லை, மணிலா பெருநகர மேம்பாட்டு ஆணையத்தின் தலைவராக இருந்தார். 2001-ல் எலெனிட்டாவுக்கு இன்னும் இரண்டு முறை நிற்கும் உரிமை இருந்தது. ஆனாலும் அவர் விலகிக்கொள்ள, ஜெஜோமார் திரும்ப வந்தார். 2001, 2004, 2007. மறுபடியும் மூன்று. 2010-ல் அவர் துணை ஜனாதிபதி தேர்தலுக்குப் போக, நகரமன்ற உறுப்பினராக இருந்த மகன் ஜுன்ஜுன் மேயரானார்.

இங்கே ஒரு ஒப்பீடு செய்தே ஆக வேண்டும். 1988 முதல் 1998 வரை, அப்புறம் 2001 முதல் 2010 வரை என்ற இதே ஆண்டுக் கணக்கு வேறு இரண்டு புகழ்பெற்ற மேயர்களுக்கும் உண்டு. தாவாவோவில் ரோட்ரிகோ துதெர்தே. நாகாவில் ஜெஸ்ஸி ரொப்ரேடோ. அதே விதி, அதே தேர்தல்கள், அதே மூன்று ஆண்டு ஓய்வு. ஆனால் 1998-ல் அந்த நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்பதில் மூன்று ஊரும் மூன்று வழியில் போயின.

தாவாவோவில் துதெர்தே தன் கூட்டாளி பெஞ்சமின் டி குஸ்மானை மேயராக்கிவிட்டு, தான் காங்கிரஸுக்குப் போனார். மூன்று ஆண்டில் இருவருக்கும் முட்டிக்கொண்டது. 2001-ல் டி குஸ்மான் நாற்காலியை விட்டுத் தர மறுத்து எதிர்த்தே நின்று தோற்றார். அடுத்த முறை, 2010-ல் வரம்பு வந்தபோது, துதெர்தே நிறுத்தியது மகள் சாராவை. அதற்கடுத்து அப்பா, மகள், மகன் என்று அங்கேயும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. 2025-ல் ஹேக் நகரில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் காவலில் இருந்துகொண்டே துதெர்தே மறுபடி தாவாவோ மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாகாவில் ரொப்ரேடோ 1998-ல் மனைவியையோ தம்பியையோ நிறுத்தவில்லை. சுல்பிசியோ ரோகோ மேயரானார். 2000-ல் ரொப்ரேடோவுக்கு மகசேசே விருது கிடைத்தது, 2001-ல் திரும்ப மேயரானார். 2010-ல் அவர் போன பிறகும் ஜான் பொங்காட், நெல்சன் லெகாசியோன் என்று குடும்பத்துக்கு வெளியே இருந்தவர்கள்தான் வந்தார்கள். மனைவி லெனி அரசியலுக்கு வந்தது 2012-ல் ரொப்ரேடோ விமான விபத்தில் இறந்த பிறகு. லெனி நாகா மேயரானது 2025-ல், நடுவில் பதினைந்து ஆண்டு கழித்து.

தாவாவோவின் 2001 அனுபவம் பிலிப்பைன்ஸ் அரசியல்வாதிகளுக்கு ஒரு பாடமாகவே ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்: கூட்டாளியை நம்பினால் நாற்காலி திரும்பி வராமல் போகலாம், வீட்டு ஆள் என்றால் திரும்பி வரும். அதாவது மூன்று ஆண்டு ஓய்வு என்ற அந்த நல்ல எண்ணமே, அரசியலில் இல்லாத மனைவி மக்களையும் அரசியலுக்குள் இழுத்து வந்திருக்கிறது. வரம்பு இல்லாமல் இருந்திருந்தால் எலெனிட்டா பினாய் மேயராகியிருக்கவே மாட்டார் என்பது என் ஊகம்.

மக்கள் ஏன் போட்டார்கள்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள், வாக்காளர்களுக்கு அறிவில்லை என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மக்காத்தி என்றால் அயாலா அவென்யூ மட்டுமில்லை. அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை செய்பவர்களில் பெரும்பாலானோர் வேறு ஊர்க்காரர்கள், அவர்களுக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஓட்டு இருப்பது நெருக்கமான பாரங்காய்களில், அதாவது நம்மூர் வார்டு போன்ற சிறு பகுதிகளில், வாழும் குடும்பங்களிடம். அவர்கள் கையில் இருந்தது மஞ்சள் அட்டை. அதைக் காட்டினால் நகர மருத்துவமனையான ஓஸ்பிடல் ங் மக்காத்தியில் பெரும்பகுதிச் செலவை நகரமே ஏற்கும். அம்மாவுக்கு டயாலிசிஸ், பையனுக்கு அப்பென்டிக்ஸ் என்று வந்தால் கடன் வாங்க ஓட வேண்டாம். பிள்ளைகளுக்கு மக்காத்தி பல்கலைக்கழகம். முதியவர்களுக்கு உதவித்தொகை, இலவச சினிமா, பிறந்தநாளுக்கு வீட்டுக்கே வரும் கேக்.

அந்தக் கேக்கைத்தான் பின்னால் செனட் விசாரணையில் விலை கூட்டி வாங்கினார்கள் என்று குற்றஞ்சாட்டினார்கள். அது எப்படியோ போகட்டும். எண்பது வயதுப் பாட்டிக்கு அவள் பிறந்தநாளை அரசாங்கம் நினைவு வைத்திருக்கிறது என்பது பெரிய விஷயம். இப்படித்தான் நாங்கள் மக்காத்தியில் என்று சொல்லித்தான் ஜெஜோமார் 2010-ல் நாடு முழுக்க ஓட்டுக் கேட்டு, மார் ரோஹாஸைத் தோற்கடித்துத் துணை ஜனாதிபதியானார்.

சிக்கல் இதுதான்: வரிப் பணத்தில் வந்த அட்டை, ஒரு குடும்பம் கொடுத்த அட்டையாக மக்கள் மனதில் பதிந்துவிட்டது. ஆள் மாறினால் அட்டை போய்விடுமோ என்ற பயம் உண்மையான பயம். அதை வைத்து ஓட்டுப் போடுபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டு மேயர்கள் இருந்த நாட்கள்

2014 ஆகஸ்டில் செனட் துணைக்குழு ஒன்று மக்காத்தி நகர மண்டபத்தின் இரண்டாவது கட்டடத்தை விசாரிக்க ஆரம்பித்தது. பதினொரு மாடி வாகன நிறுத்தக் கட்டடம், செலவு சுமார் 228 கோடி பெசோ. வாகனம் நிறுத்த இவ்வளவா என்பதுதான் கேள்வி. முன்னாள் துணை மேயர் எர்னெஸ்டோ மெர்காடோ, பல ஆண்டு பினாய்களோடு இருந்தவர், எதிர்த்துச் சாட்சி சொன்னார். பினாய் குடும்பம் எல்லாவற்றையும் மறுத்தது. 2016 ஜனாதிபதி தேர்தலில் ஜெஜோமார் நிற்கப் போவதால் வந்த பழிவாங்கல் என்றது. அந்த வாதத்தை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. மேயர் ஜுன்ஜுன் மீது பின்னால் வந்த இடைநீக்க உத்தரவை நிறைவேற்றிய உள்துறைக்கு அமைச்சராக இருந்தவர், 2010-ல் ஜெஜோமாரிடம் தோற்று 2016-ல் அவரோடு மோதத் தயாரான அதே மார் ரோஹாஸ்.

2015 மார்ச் 10-ஆம் தேதி, பதவியில் இருப்பவர்கள் மீதான ஊழல் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மன் கோன்சிட்டா கார்பியோ மொராலெஸ், ஜுன்ஜுன் பினாயை ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்ய உத்தரவிட்டார். 16-ஆம் தேதி காலை உத்தரவை நகர மண்டபத்தில் ஒட்டினார்கள். துணை மேயர் ரோமுலோ பெஞா, ஊரில் 'கிட்' பெஞா, பொறுப்பு மேயராகப் பதவியேற்றார். அதே நாளில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஜுன்ஜுனுக்குத் தற்காலிகத் தடையாணை கொடுத்தது. உத்தரவு ஏற்கெனவே நிறைவேறிவிட்டது, இனி எதைத் தடுப்பது என்று ஓம்பட்ஸ்மன் தரப்பு. தடையாணை செல்லும், நான்தான் மேயர் என்று ஜுன்ஜுன்.

ஊரில் ஒரே நேரத்தில் இரண்டு மேயர். உயரமான புதிய கட்டடத்தில் ஜுன்ஜுன், பக்கத்துப் பழைய கட்டடத்தில் பெஞா. கீழே ஆதரவாளர் கூட்டம், போலீஸ். சம்பளப் பட்டியலில், காசோலையில், உரிமத்தில் யார் கையெழுத்து செல்லும் என்பது மாதக் கடைசியில் வீட்டு வாடகை கட்ட வேண்டிய ஊழியருக்கு எவ்வளவு பெரிய கேள்வி! 2006 அக்டோபரில் ஜெஜோமாருக்கும் இதே மாதிரி ஒரு இடைநீக்க உத்தரவு வந்தது, அப்போதும் அவர் நகர மண்டபத்துக்குள்ளேயே இருந்துகொண்டு நீதிமன்றத் தடையாணையால் தப்பினார். மகன் அப்பாவின் வழியிலேயே போனார். ஆனால் காலம் மாறியிருந்தது. ஜூன் கடைசியில், வேறொரு கட்டட விவகாரத்தில், இரண்டாவது இடைநீக்கம் வந்தது. தள்ளுமுள்ளுக்குப் பிறகு ஜூலை 1-ஆம் தேதி ஜுன்ஜுன் இறங்கினார். அக்டோபரில் ஓம்பட்ஸ்மன் அவரைப் பதவிநீக்கமே செய்துவிட்டார்.

மக்காத்தி மாற்றிய சட்டம்

இந்த வழக்கின் உண்மையான பலன் மக்காத்திக்கு வெளியேதான் விளைந்தது, அதனால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜுன்ஜுன் தரப்பின் முக்கிய வாதம், 2013-ல் மக்கள் என்னைத் திரும்பத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எனவே முந்தைய காலத்துத் தவறு, இருந்தால்கூட, மன்னிக்கப்பட்டுவிட்டது என்பது. கேட்க விநோதமாக இருந்தாலும் அது அன்றைக்கு நாட்டில் செல்லுபடியான சட்டம். 1959-ல் நுவேவா எசிஹா மாகாணத்தில் ஒரு மேயரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அமெரிக்கத் தீர்ப்புகளைப் பார்த்து எடுத்துக்கொண்ட கோட்பாடு. குற்றவியல் வழக்குக்கு அது பொருந்தாது, நிர்வாக நடவடிக்கைக்கு மட்டும். அரை நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ மேயர்களும் ஆளுநர்களும் இந்தக் கதவு வழியாக வெளியே போயிருக்கிறார்கள். தேர்தலில் ஜெயித்தால் போதும், பழைய கணக்கு அழிந்தது.

2015 நவம்பர் 10-ஆம் தேதி, நீதிபதி எஸ்டெலா பெர்லாஸ்-பெர்னாபே எழுதிய தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டது. 1959-ல் இருந்தது 1935 அரசியல் சட்டம், இப்போது இருப்பது 1987 சட்டம், பொதுப் பதவி என்பது மக்கள் ஒப்படைத்த பொறுப்பு என்று இது சொல்கிறது, தேர்தல் என்பது குற்றத்தை மன்னிக்கும் வழி என்று இதில் எங்கேயும் இல்லை என்றது நீதிமன்றம். இன்னொரு எளிய உண்மையையும் சொன்னது: மறைத்துச் செய்யப்படும் தவறை வாக்காளர் தெரிந்தே மன்னித்தார் என்று எப்படி ஊகிப்பது? ஆனால் தீர்ப்பு முன்னோக்கி மட்டுமே செல்லும் என்றும் சேர்த்தது. அது இறுதியானது 2016 ஏப்ரல் 12. அதற்கு முன் மறுதேர்வானவர்களுக்குப் பழைய பாதுகாப்பு தொடர்ந்தது. என்னைக் கேட்டால், பினாய் குடும்பக் கதையில் நாட்டுக்குக் கிடைத்த ஒரே நிலையான நன்மை இந்தத் தீர்ப்பு.

வீட்டுக்குள் சண்டை

பெஞா ஒரு ஆண்டு இருந்தார். 2016-ல் ஜெஜோமார் ஜனாதிபதி தேர்தலில் நான்காவதாக வந்தார், ஆனால் மக்காத்தியில் மகள் அபி பெஞாவைத் தோற்கடித்து மேயரானார். 2015-ன் அவ்வளவு புயலுக்குப் பிறகும்.

2019-ல் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ஜுன்ஜுன் தன் அக்கா அபியை எதிர்த்தே மேயர் பதவிக்கு நின்றார். மூத்த அக்கா நான்சி, முன்பு எந்தத் தேர்தல் பதவியும் வகிக்காமலேயே 2013-ல் செனட்டரானவர், தம்பி பக்கம் சாய்ந்தார். அபி பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே தேர்தலில் ஜெஜோமார் காங்கிரஸுக்கு நின்று தோற்றது யாரிடம் தெரியுமா? கிட் பெஞாவிடம்.

அபியின் மூன்று முறை 2025-ல் முடிந்தது. அவர் செனட்டுக்கு நின்று தோற்றார். மேயர் பதவிக்கு அவர் கணவர், காங்கிரஸ் உறுப்பினர் லூயிஸ் கம்போஸ் ஒரு பக்கம், அக்கா நான்சி இன்னொரு பக்கம். நான்சி ஜெயித்தார். வாக்காளருக்குக் கிடைத்த முக்கியத் தேர்வு ஒரு பினாயா, பினாய் வீட்டு மாப்பிள்ளையா என்பது. போட்டி இருந்தது, வாக்குப்பதிவு நடந்தது, முடிவை எல்லோரும் ஏற்றார்கள். ஆனால் எதிர்க்கட்சி என்று ஒன்று அந்த ஊரில் வளரவே இடமில்லாமல், எதிர்ப்பும் வீட்டுக்குள்ளிருந்தே வந்தது.

இதற்கிடையே ஊரும் சுருங்கிவிட்டது. போனிபாசியோ கோட்டைப் பகுதி யாருக்கு என்று பக்கத்துத் தாகிக் நகரம் 1993-ல் தொடுத்த வழக்கில், 2021-ல் உச்ச நீதிமன்றம் தாகிக்குக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லி, 2023-ல் அது இறுதியானது. 'எம்போ' என்று அழைக்கப்படும் பத்து பாரங்காய்கள், மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், மக்காத்தியை விட்டுப் போனார்கள். 33 பாரங்காய்கள் 23 ஆயின. மஞ்சள் அட்டை வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் ஒரு தீர்ப்பில் வேறு நகரத்தின் குடிமக்கள் ஆகிவிட்டன. வேறு மேயர், வேறு அட்டை. பிள்ளையின் பள்ளிச் சீருடை முதல் பாட்டியின் மருந்து வரை இனி யாரிடம் கேட்பது என்று அவர்கள் அலைந்தது, இவ்வளவு ஆண்டு உதவி என்பது மேயரோடு கட்டப்பட்டிருந்ததன் நேரடி விளைவு.

நான்சி பினாய் 2034 வரை தொடர்ந்து மேயராக இருக்கச் சட்டம் இடம் தருகிறது. வம்சங்களை வரையறுக்கும் மசோதாக்கள் ஒவ்வொரு காங்கிரஸிலும் தாக்கலாகி ஒவ்வொரு முறையும் நின்றுபோகின்றன. பதவியில் இருப்பவரின் கணவன், மனைவி, பிள்ளை, உடன்பிறந்தார் அவருக்கு அடுத்து உடனே அதே நாற்காலிக்கு வரக் கூடாது என்ற ஒரே ஒரு வரி போதும். அது 1998-ல் இருந்திருந்தால் எலெனிட்டாவும் 2010-ல் ஜுன்ஜுனும் வந்திருக்க முடியாது.